தும்பியைத் தொட முடியாது என்றார்கள்

மரினால்வாவின் முகத்தை நான் முதன்முதலில் பார்த்தது தலைகீழாகத்தான். சால்வடோர் நகரத்தின் மேட்டுச் சதுக்கத்தில், வெயிலில் கொதித்துக் கிடந்த கல்தரையில், என்னைச் சம்மணம் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவள் தூரத்திலிருந்து ஓடி வந்து, என் தலைக்கு மேலே காற்றில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எனக்குப் பின்னால் போய் இறங்கினாள். மேலே கடக்கும் நேரத்தில் அவள் முகம் என் முகத்துக்கு நேரே வந்து போனது. வாயில் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள்.

பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்துவிட்டு வந்த நாள் அது. புதுச் சட்டை, புதுச் செருப்பு, தோளில் புதுப் பை. சாவ் பாவுலோவிலிருந்து ஊர் சுற்ற வந்தவன் என்று நினைத்துத்தான் கூட்டத்திலிருந்து என்னை இழுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் தொப்பி என் முன்னால் வந்தது.

"நான் சுற்றுலா வந்தவன் இல்லக்கா. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், சதுப்புக் கிராமம். அப்பா நண்டு பிடிக்கிறார், அம்மா சிப்பி தோண்டுறாங்க."

"அப்ப இந்தப் பை?"

"இன்னைக்குத்தான் காலேஜ்ல சேர்ந்தேன்."

"உங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாரு படிச்சா?"

"யாரும் இல்ல. நான்தான் முதல்."

அவள் தொப்பியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினாள். "டேய், இவன்கிட்ட காசு வாங்காதீங்கடா! நண்டு வீட்டுல முதல் தடவையா ஒருத்தன் நேரா நடக்கப் போறான்!"

அன்றைக்கு எனக்கு விழுந்த பெயர் நண்டு. கப்போயிரா என்பது அந்தக் காலத்து அடிமைகள் பழகிய, சண்டையும் நடனமும் கலந்த ஆட்டம். அதை ஆடுகிறவர்கள் யாரும் அம்மா அப்பா வைத்த பெயரில் உலவுவதில்லை. உடற்கல்விப் பட்டத்தில் என் முழுப் பெயர் பொன்னெழுத்தில் இருக்கிறது. அந்தச் சான்றிதழை என் அம்மா கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள், ஊரில் எவன் வந்தாலும் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் காப்பி கொடுப்பாள். ஆனால் லிபர்டாடி பகுதியில் நண்டு என்று கேட்டால்தான் என் வீட்டுக்கு வழி சொல்வார்கள். மரினால்வாவின் பெயர் தும்பி.

தும்பி பிறந்தது உப்புத் தண்ணீருக்கு மேலே கட்டை நட்டுக் கட்டிய பலகை வீட்டில். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தரை என்பது கடற்கரைதான். அலை ஒதுங்கும் ஈர மணலில் லாரி டயரைப் பாதி புதைத்து வைப்பார்கள். ஓடி வந்து டயரில் மிதித்தால் ஆள் மேலே போவான். மீதி அவன் சாமர்த்தியம். தும்பி அந்த டயரில்தான் பறக்கக் கற்றாள். அவளுடைய அக்கா நிவால்டா அதைச் சொல்லும்போது இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வாள். "சோறு ஆறிப்போய்க் கிடக்கும், இவ வானத்துல கிடப்பா."

அங்கேதான் அடாயில்டன் அவளைப் பார்த்தான். சதுக்கத்தில் காட்சி நடத்தும் குழு அவனுடையது. ஆள் உயரம் கிடையாது. ஆனால் தோளும் கழுத்தும் ஒரே கட்டை. அவனுக்குக் கடப்பாரை என்று பெயர். குழுவுக்கு ஒரு பறக்கும் பெண் வேண்டியிருந்தது. அவளுக்கு அந்த வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு வழி வேண்டியிருந்தது. முதலில் குழுவில் சேர்ந்தாள், பிறகு அவனோடு குடித்தனம் ஆனாள்.

பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் பயிற்சிக் கூடம். காலையில் ரொட்டி வாசனை மேலே ஏறி வந்து வியர்வையோடு கலக்கும். நான் வகுப்பு இல்லாத நாட்களில் போய்ச் சேர்ந்துகொண்டேன். எனக்குப் பறக்க வராது. சேற்றில் முழங்கால் புதைய நடந்து வளர்ந்த கால்கள். நான் தரையோடு தரையாக ஆடுவேன், கையை ஊன்றி, பக்கவாட்டில் நகர்ந்து. நண்டு என்ற பெயர் அதனாலும் பொருந்திப் போனது.

எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. காற்றில் சுழல்வது, கையில் நின்று காலை விரிப்பது, பின்பக்கமாகப் புரள்வது, இதையெல்லாம் நாங்கள் 'பூ' என்போம். பூவை வைத்துத்தான் சதுக்கத்தில் தொப்பி நிறைகிறது. ஆனால் குன்றின் அந்தப் பக்கம் இருக்கும் பழைய கூடத்துக்காரர்கள் பூவைப் பார்த்தால் காறித் துப்புவார்கள். "அடிமையா இருந்தவன் தப்பி ஓடுறப்போ குட்டிக்கரணம் போட்டுக்கிட்டா ஓடினான்?" என்று கேட்பார்கள். எங்கள் ஆட்கள், "உங்க ஆட்டத்தைப் பார்க்க உங்க பொண்டாட்டிகூட வர்றதில்லையே" என்பார்கள். இப்படியே போகும்.

நான் படித்துக்கொண்டிருந்ததும் அதுதான், உடம்பு எப்படி எழும்புகிறது, எப்படி இறங்குகிறது என்று. ஒரு நாள் தும்பியிடம் பெருமையாகச் சொன்னேன். "அக்கா, காலு தரையை விட்டதும் உன் கையில ஒண்ணும் இல்ல. எங்க இறங்குவேன்னு அப்பவே முடிவாயிருது. நடுவுல மாத்த முடியாது. வீசின கல்லு மாதிரிதான்."

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். "அப்ப ஏன்டா என்னை ஒருத்தனும் அடிச்சதில்ல?"

எனக்குப் பதில் தெரியும், சொல்லவில்லை. பறப்பவள் கீழே விழுந்தால் காட்சி போச்சு. அதனால் அவளோடு ஆடுகிற ஒவ்வொருவனும் அவள் தரையை விட்டு எழும்பிய பிறகுதான் காலை வீசுவான். அவள் இறங்கும் இடத்தில் ஆள் இருக்க மாட்டான். வருஷக்கணக்காக எல்லோரும் சேர்ந்து அவளைத் தொடாமல் இருந்தோம். பார்க்கிறவனுக்கு அவளைத் தொடவே முடியாது என்று தோன்றும். அவள் தலைகீழாகக் காற்றில் நிற்கும் படத்தைப் பெரிதாக அச்சடித்து, சதுக்கத்துச் சுவர் ஒன்றில் ஒட்டியிருந்தார்கள். கீழே ஒரு வரி: 'யாராலும் தொட முடியாத பெண்.'

வீட்டில் கடப்பாரை அவளைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தான்.

மற்ற வீடுகளில் என்றால் ஒரு பெண் கன்னம் வீங்கி வந்தால் அக்கம்பக்கம் கேட்கும். அவளும் கதவில் இடித்துக்கொண்டேன் என்று ஏதாவது பொய் சொல்ல வேண்டியிருக்கும். தும்பிக்கு அந்தச் சிரமமே இல்லை. கப்போயிரா ஆடுகிறவள் உடம்பில் காயத்துக்கு யார் காரணம் கேட்பார்கள்? "நேத்து நல்ல ஆட்டம் போல!" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். அவளும் சிரிப்பாள்.

முதலில் அவள் வாய் திறந்தது அக்காவிடம். நிவால்டா சதுக்கத்து மூலையில் வெள்ளைப் பாவாடையும் தலைக்கட்டுமாக உட்கார்ந்து அக்கராஜே சுடுகிறவள். பனையெண்ணெய்ச் சட்டியில் பயறு மாவை உருட்டிப் போட்டுக்கொண்டே தங்கை சொன்னதைக் கேட்டிருக்கிறாள்.

"அவனா? உன்னையா?" என்றாளாம். "போடி, அவன் கையை ஓங்கினா நீ கூரைக்குப் போயிர மாட்ட?"

இதைத் தும்பி என்னிடம் சொன்னது ரிபெய்ரா கடற்கரையில். ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் கலைந்து போன பிற்பகல். பிள்ளைகள் டயரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுக்கு நீ வந்திருக்கியே நண்டு. கூரை எவ்வளவு உசரம்?"

"கையெட்டும்."

"கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவுல?"

நான் இரண்டு கையையும் கொஞ்சம் விரித்துக் காட்டினேன்.

"அங்க எங்கடா பறக்கறது?"

அப்புறம் அவள் கேட்டாள், காலை வாரிவிடுவது எப்படி என்று சொல்லிக்கொடு என்று. எங்கள் ஆட்டத்தில் அது அரிச்சுவடி. எதிராளி உதைக்கும்போது அவன் ஊன்றிய ஒற்றைக் காலைத் தரையோடு வழித்து இழுத்துவிடுவது. அழகு கிடையாது, கைதட்டல் கிடையாது. ஆள் விழுவான், அவ்வளவுதான். அவளுக்கு அது தெரியாது. குழுவில் சேர்ந்த நாளிலிருந்து கடப்பாரை அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "நீ பற. சண்டையை நாங்க பார்த்துக்கறோம்."

ஈர மணலில் ரொம்ப நேரம் முயன்றோம். நான் மெதுவாகக் காலை வீசினால் அவள் சரியாகக் குனிந்து வாரிவிடுவாள். கொஞ்சம் வேகமாக வீசினால் போச்சு. குனிய வேண்டிய உடம்பு எம்பிவிடும். ஒரு முறை, இரண்டு முறை இல்லை, ஒவ்வொரு முறையும். கடைசியில் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயம் வந்தா என் உடம்பு மேலதான் போகுது. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது."

"பழகினா வரும்கா."

"அதுவரைக்கும் அவன் காத்திருப்பானா?"

போலீசுக்குப் போகச் சொன்னேன். சட்டம் இருக்கிறது, பெண்களுக்கென்று தனி நிலையங்கள் இருக்கின்றன, படித்த தைரியத்தில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அவள் ஒரு நிலையத்துக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் முதலில் நன்றாகத்தான் பேசியிருக்கிறாள். பெயர், முகவரி, தொழில் என்று கேட்டுக்கொண்டு வந்தவள், தொழிலைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அட, அந்தச் சுவத்துல இருக்கிறது நீதானே? என் பொண்ணுக்கு உன்னை ரொம்பப் பிடிக்கும்!" அப்புறம் பக்கத்து மேசைக்காரனிடம், "இவளை வீட்டுக்காரன் அடிக்கிறானாம்யா."

"இவளையா? அவன்தான்மா நம்மகிட்ட புகார் கொடுக்க வரணும்."

கேலி செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. உண்மையாகவே நம்ப முடியாமல் சிரித்தார்கள். தும்பியும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அதற்குள் ஜெர்மனி விஷயம் வந்தது. அங்கே ஒரு ஊரில் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். போய்க் காட்சி நடத்தி, அப்படியே வகுப்பும் எடுத்துத் தங்கலாம். கடப்பாரைக்குத் தலைகால் புரியவில்லை. தும்பிக்குப் பயம் வேறு மாதிரி வந்தது. "இங்க கத்தினா என் பாஷையில கத்தலாம்," என்றாள் என்னிடம். "அங்க போனா அதுவும் இல்ல."

ஞானஸ்நானத் திருவிழாவுக்கு முந்தின வாரம் அவனிடம் சொல்லிவிட்டாள். ஜெர்மனிக்கு வரவில்லை, விழா முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவன் கத்தவில்லையாம், கை ஓங்கவில்லையாம். "விழா முடியட்டும், பேசிக்கலாம்" என்றானாம். அந்த அமைதிதான் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னாள்.

எங்கள் ஞானஸ்நானம் கோயிலில் நடப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவனை வட்டத்துக்குள் விட்டு, ஒரு பெரிய ஆள் அவனோடு ஆடி, கீழே தள்ளுவார். விழுந்து எழுந்தால் அவன் எங்களில் ஒருவன். இடுப்புக்குக் கயிறு கிடைக்கும், ஆட்டத்துப் பெயரும் உறுதியாகும். அதனால் அன்றைக்கு ஆள் விழுவதைப் பார்க்கத்தான் கூட்டமே வரும். விழுகிற ஒவ்வொருவனுக்கும் கைதட்டல் உண்டு. மாடிக்கூடம் கொள்ளாமல் ஜன்னலிலும் ஆட்கள் தொற்றிக்கொண்டிருந்தார்கள். பழைய கூடத்துக்காரர்களும் வந்திருந்தார்கள்.

ஆட்டத்தை ஆள்வது பெரிம்பாவ். வளைத்த கம்பில் இரும்புக் கம்பி கட்டி, அடியில் சுரைக்குடுக்கை வைத்த வில். மூன்று வில்லும் மேளமும் முழங்க, சுற்றி நிற்பவர்கள் கைதட்டிப் பாடுவார்கள். அதில் பெரிய வில் சொன்னதுதான் சட்டம். அது வேகமெடுத்தால் ஆட்டம் வேகமெடுக்கும். கூப்பிட்டால் ஆடுகிறவர்கள் திரும்பி வர வேண்டும். வெளியே இருப்பவன் உள்ளே போக வேண்டுமென்றால் வில்லடியில் குந்தி அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். குறுக்கே பாய்கிறவன் மனுஷனே இல்லை. அன்றைக்குப் பெரிய வில் வெனான்சியோவின் கையில் இருந்தது. கார் மெக்கானிக், அதிகம் பேசாத மனிதர். வில் பிடித்தால் ஆண்டவனே வந்து பேசினாலும் காதில் விழாது.

புதியவர்கள் எல்லோரும் விழுந்து எழுந்தாயிற்று. அப்போது கடப்பாரை வில்லடியில் வந்து குந்தி, தும்பியைப் பார்த்துக் கையை நீட்டினான்.

வில்லடியில் ஒருவன் கையை நீட்டினால் மாட்டேன் என்று சொல்கிற வழக்கம் கிடையாது. கூட்டம், "தும்பி! தும்பி!" என்று கத்தியது. அவள் என்னைப் பார்த்தாளா, அக்காவைப் பார்த்தாளா தெரியவில்லை. எழுந்து வந்து எதிரே குந்தினாள். கைகொடுத்துக்கொண்டார்கள்.

அவள் எப்போதும் போல் கையை ஊன்றிச் சக்கரமாகச் சுழன்று உள்ளே போனாள். கால்கள் மேலே விரிந்திருந்த அந்த நொடியில் அவன் குனிந்து தலையால் அவள் வயிற்றில் முட்டினான். திறந்த சக்கரத்துக்கு அதுதான் முறையான பதில். புத்தகத்தில் இருப்பது. அவள் மல்லாக்க விழுந்தாள்.

"ஓஓய்!" என்று கூட்டம் குதித்தது. பழைய கூடத்துக்காரர் ஒருவர் என் பக்கத்தில் தொடையைத் தட்டினார். "பார்த்தியா, பூ உதிர்ந்திருச்சு! இதைத்தான் நாங்க இத்தனை வருஷமா சொல்றோம்."

அவள் எழுந்தாள். அவன் உதைத்தான். நான் மனதுக்குள், குனி, குனி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் உடம்பு மேலே போனது. பின்பக்கமாகப் புரண்டு அவள் இறங்கும் இடத்தில் இந்த முறை அவன் கால் காத்துக்கொண்டிருந்தது. முழங்கால் மடிந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படி மடியக் கூடாத பக்கம் அது. கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. தட்டத் தட்ட வெனான்சியோ வேகத்தைக் கூட்டினார்.

அவள் கையைத் தூக்கி, வட்டத்தின் ஓரமாக நடக்கத் தொடங்கினாள். மூச்சு வாங்க வேண்டுமென்றால் அப்படி ஒரு சுற்று நடக்கலாம். எதிராளியும் கூடவே நடக்க வேண்டும். நொண்டிக்கொண்டு நடந்தாள். அவனும் பின்னால் நடந்தான். அவன் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. எல்லோரோடும் சேர்ந்து பாடுகிறான் என்றுதான் நினைத்தோம். பாதிச் சுற்றில் பின்னாலிருந்து முழங்கையால் அவள் முதுகில் இறக்கினான்.

அதற்கும் சிரிப்புத்தான். நடக்கும்போது ஏமாற்றி அடிப்பது எங்கள் ஆட்டத்தில் தந்திரம். அதை ரசிக்கத் தெரிந்தவன்தான் ஆட்டம் தெரிந்தவன். வெளியூர்க்காரன் ஒருவன் அங்கே நின்றிருந்தால் ஓடி வந்து தடுத்திருப்பான். ஆட்டம் தெரிந்த நாங்கள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம்.

நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு வில்லடிக்குப் போய்க் குந்தினேன். அனுமதி கேட்டேன். வெனான்சியோ என்னைப் பார்க்காமலே தலையை ஆட்டினார். "இரு. அவங்க ஆட்டம் சூடு பிடிச்சிருக்கு."

"ஆட்டம் இல்ல மாமா!" என்று கத்தினேன். மேளத்தில் அது யாருக்குக் கேட்கும்.

அப்போது தும்பி தரையில் கிடந்தாள். எழ முயலவில்லை. இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலை இழுத்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்தாள். அவள் தரையோடு நகர்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவன் பின்னாலேயே வந்து உதைத்துக்கொண்டிருந்தான். என்னைத் தாண்டி வில்லடிக்கு வந்தாள். கையை நீட்டிப் பெரிய வில்லின் கம்பியை உள்ளங்கை முழுக்கச் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள்.

ஒலி நின்றது. மற்ற இரண்டு வில்லும் தடுமாறி நின்றன, மேளம் நின்றது, கைதட்டல் அங்கங்கே உதிர்ந்து ஓய்ந்தது. அந்த நிசப்தத்தில் கடப்பாரையின் அடுத்த உதை அவள் விலாவில் விழுந்தது. சத்தம் கேட்டது. மேளம் இருந்தபோது கேட்காத சத்தம். அவன் பேசிக்கொண்டிருந்ததும் கேட்டது. பாட்டு இல்லை அது.

"எந்திரிடி. அக்கா வீட்டுக்குப் போறியா? எந்திரி. எப்படிப் போறேன்னு பார்க்கறேன்."

பேக்கரியின் மாவு பிசையும் இயந்திரம் கீழே ஓடுவதுகூடக் காதில் விழுந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிவால்டா வந்தாள். வில்லடிக்குப் போகவில்லை, குந்தவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. வெள்ளைப் பாவாடையோடு வட்டத்தைக் குறுக்கே கடந்து வந்து, தலைக்கட்டை அவிழ்த்துத் தங்கையின் முழங்காலைச் சுற்றிக் கட்டினாள். கடப்பாரையை ஏறிட்டுப் பார்த்து, "இப்ப என்னை அடிடா பார்க்கலாம், நான் பறக்கத் தெரியாதவ" என்றாள். அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் முதலில் கேட்ட குரல் வெனான்சியோவுடையது. "கம்பியைத் தொட்டுட்டாளே," என்றார். ஆட்டம் நடக்கும்போது பெரிய வில்லின் கம்பியில் கை வைப்பதை எங்களில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்கள்.

விழாவைப் போனில் படம் பிடித்தவர்கள் நிறையப் பேர். மறுநாளே ஒரு துண்டு ஊர் முழுக்கச் சுற்றியது: 'குட்டிக்கரணம் சண்டைக்கு உதவுமா? நீங்களே பாருங்கள்.' ஜப்பானிலிருந்தெல்லாம் கருத்துச் சொல்லியிருந்தார்கள். முட்டியது எவ்வளவு சுத்தம், அந்த இடத்தில் அவள் எப்படித் தப்பித்திருக்கலாம், பறப்பது வீண் வேலை என்று. அவர்கள் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. என் பட்டப்படிப்பிலும் அதைத்தான் படித்தேன். ஆனால் எந்தப் படத்திலும் கம்பியைப் பிடித்ததற்குப் பிந்தைய காட்சி இல்லை. வில் நின்றால் ஆட்டம் முடிந்தது. எல்லோரும் போனைக் கீழே இறக்கிவிட்டிருந்தார்கள்.

இந்த முறை நிவால்டா தங்கையைக் கூட்டிப்போய்ப் புகார் கொடுக்க வைத்தாள். அவனுடைய வக்கீல் அந்தத் துண்டைத்தான் நீதிபதி முன்னால் போட்டுக் காட்டினார். "இது விளையாட்டு. இரண்டு பேருமே தேர்ந்த வீரர்கள். பார்வையாளர்கள் கைதட்டுவதைக் கவனியுங்கள்." விலா விரிசலும் முழங்கால் தசைநார் அறுந்ததும் ஆட்டத்தில் சகஜம் என்றார். நிவால்டா தங்கைக்காகப் பேசுகிறவள், நான் நண்பன். எங்கள் சாட்சியத்துக்கு எவ்வளவு எடை என்பது எங்களுக்கே தெரிந்திருந்தது. விழாவுக்கு வந்த மற்றவர்கள், "நாங்க பார்த்தது ஆட்டம்தான்" என்றார்கள். பொய் சொல்லவில்லை; அவர்கள் பார்த்தது அதைத்தான்.

கூப்பிடாமல் வந்தவர் வெனான்சியோ. நகத்தில் கிரீஸ் போகாத கையோடு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார்.

"நான் சொல்ல வேண்டியது ஒண்ணுதான். வில் நின்ன பிறகும் அவன் உதைச்சான்."

நீதிபதிக்கு விளங்கவில்லை. "அதற்கு என்ன அர்த்தம்?"

"வில் நின்னா ஆட்டம் இல்ல ஐயா. அதுக்கப்புறம் விழற அடி ஆட்டத்துல சேராது. அது வேற." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பொண்ணு கம்பியைத் தொட்டது தப்பு. அதையும் எழுதிக்குங்க" என்றார்.

வக்கீல் சிரித்தார். தும்பி சிரிக்கவில்லை. போலீஸ் நிலையத்தில் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தவள், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி பதிந்த தழும்பு அதில் இன்னும் இருந்தது.

அவன் அவளை நெருங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அடித்ததற்கான வழக்கு தனி. அது இன்னும் முடியவில்லை. அது முடிவதற்குள் அவன் ஜெர்மனிக்குப் போய்விட்டான். அங்கே வகுப்பு எடுக்கிறான். பறப்பதற்கு வேறொரு பெண் கிடைத்துவிட்டாள்.

குழு இரண்டாக உடைந்தது. வெனான்சியோவும் தும்பியும் அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை. நான் நகராட்சிப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு முதலில் விழக் கற்றுக்கொடுக்கிறேன், குட்டிக்கரணம் அப்புறம்தான்.

நிவால்டா சதுக்கத்து மூலையை விட்டுவிட்டு ரிபெய்ரா கடற்கரைக்குச் சட்டியை மாற்றிக்கொண்டாள். சுற்றுலாக்காரர்கள் அங்கே குறைவு, வியாபாரமும் குறைவு. மரினால்வா அக்காவோடு அங்கேதான் இருக்கிறாள். பயறு ஊறவைத்துத் தோல் எடுப்பது, இறால் உலர்த்துவது அவள் வேலை. இடது முழங்காலில் பட்டை கட்டியிருக்கிறாள். படி ஏற முடிகிறது, ஓட முடியவில்லை. வட்டம் நடக்கிற பக்கம் போவதில்லை. சதுக்கத்துச் சுவரில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது.